வெயிலில் நிற்கும் வழக்கம்

அந்தப் படம் செஞ்சிக்கு வந்த அன்றைக்கே ஊர் இரண்டாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அது இங்கே ஓடுகிற ரகமே இல்லை. சண்டை கிடையாது. பாட்டு என்று ஒன்று ஆரம்பிக்கும், அதுவும் பாதியிலேயே நின்றுவிடும். ஆனால் படத்தின் பின்பாதியை எடுத்தது ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்தில். பெரிய பெரிய குடைகளை விரித்து வைத்துக்கொண்டு, கூட்டத்தில் நிற்பதற்கு உள்ளூர் ஆட்களைத்தான் பிடித்துப் போட்டார்கள். நின்றவர்கள், நின்றவர்களின் மாமன் மச்சான்கள், நிற்கக் கூப்பிடவில்லையே என்று வயிறெரிந்தவர்கள் என எல்லோரும் தியேட்டருக்குக் கிளம்பினார்கள். போகும்போது திருவிழாவுக்குப் போவதுபோல் போனவர்கள், சாவு வீட்டிலிருந்து வருவதுபோல் திரும்பினார்கள்.

கதை இவ்வளவுதான். ஒரு தமிழ்ப் பெண் ஓர் ஆப்பிரிக்காக்காரனைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறாள். இடைவேளைக்கு முன்பே செத்துப்போகிறாள். அவள் அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு அவன் அவளுடைய பிறந்த வீட்டு வாசலில் வந்து உட்காருகிறான். கதவு திறக்கவில்லை. இப்போது திறக்கும், அப்போது திறக்கும் என்று ஜனங்கள் காத்திருக்கிறார்கள். திறக்காமலே படம் முடிந்து விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். காசு கொடுத்துப் போனவனுக்கு எப்படி இருக்கும்?

இதில் மோட்டார் காயில் கட்டும் அரங்கநாதனுக்கு என்ன வந்தது என்றால், செஞ்சியிலேயே ஆப்பிரிக்க மருமகன் உள்ள ஒரே ஆள் அவர்தான். டைரக்டர் அவர் கதையைத்தான் திருடிவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. படம் சரியா தப்பா என்று அவர் வாயால் கேட்டுவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் என்பதுபோல இரண்டு கட்சியும் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் அவர் கடைக்கு வந்துவிட்டன.

முதலில் வந்தவர் பங்காளி முறையில் தம்பியான உரக்கடை கோதண்டராமன்.

"ஊரு மானத்த வாங்கிட்டாண்ணே. சாவுக்கு வந்தவனுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்காத ஊரா இது? தியேட்டர்காரனப் பாத்து படத்தத் தூக்கச் சொல்லணும். நீ முன்ன நின்னாதான் எடுபடும்."

அவர் போய் வண்டியைக் கிளப்பும் முன்பே ராஜாராம் வந்து உட்கார்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட நாளிலிருந்து அரங்கநாதனுக்குக் கூட்டாளி, காலனிக்காரர்.

"இன்னாப்பா தப்பா எடுத்துட்டான்? இருக்கறதத்தான எடுத்திருக்கான். அவன் கறுப்புன்றதா கத? உங்க தெருவுல எவன் வெளுப்பு? எங்க தெருப் பையன உம் பொண்ணு கட்டிக்கினு வந்திருந்தா மட்டும் கதவு தெறந்திருக்குமா, சொல்லு."

அரங்கநாதன் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. சுற்றிக்கொண்டிருந்த கம்பியில் எத்தனை சுற்று என்ற கணக்கை விட்டுவிட்டு, முழுவதையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்றினார். கோதண்டராமன் பேசும்போது அதுவும் சரியாகத்தான் பட்டது. ராஜாராம் பேசும்போது இதுவும் சரியாகத்தான் பட்டது. அந்த மனுஷனுக்கு அப்போது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நடந்தது இதுதான். மகள் மணிமொழி அயர்லாந்தில் நர்ஸ். அங்கே கூட வேலை பார்த்த கானா நாட்டுக்காரன் கோஃபியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குச் சொன்னாள். அரங்கநாதன் மகளோடு பேசுவதை நிறுத்தினார். கோபம் தணிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். தணிவதற்குள், போன சித்திரையில், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவள் போய்விட்டாள். பெட்டியில் வந்தாள். பெட்டியோடு அவனும் வந்தான். கோஃபி என்ற பேரை ஊர் அன்றைக்கே 'காபி' ஆக்கிவிட்டது.

பிள்ளை இல்லாத பெண்ணுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் புருஷன். இது யாருக்கும் தெரியாததில்லை. அரங்கநாதன் தம்பி மகனை வைக்கச் சொன்னார். கோஃபியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எதிர்வீட்டு மதில் ஓரம் நிறுத்தி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "ஸ்டாண்ட் ஹியர்" என்றார். பந்தல் இந்தப் பக்கம், வெயில் அந்தப் பக்கம். அவன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெண்ணை எடுக்கிற வரைக்கும் சித்திரை வெயிலில் நின்றான். சுடுகாட்டிலும் வேலிக்கு வெளியேதான் நின்றான். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று இன்றைக்குக் கேட்டால்கூட அவருக்குச் சொல்லத் தெரியாது. கோபம் மகள் மேல் இருந்தது, சாமி மேல் இருந்தது, தன் மேலேயும் இருந்தது. கைக்கு அகப்பட்டவன் அவன்.

அவன் அயர்லாந்துக்குத் திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அரங்கநாதனின் மனைவி ஜெயக்கொடியிடம் போனில் பேசுவான். அரங்கநாதன் அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார். இப்போது வருஷம் திரும்புகிறது. நேராக அவர் போனுக்கே குரலைப் பதிந்து அனுப்பியிருந்தான்: "நைனா, மணிக்கு வருசம் வருது. நான் வரட்டா?"

மணிமொழி அப்பாவை நைனா என்று கூப்பிட்டதால் அவனுக்கும் அவர் நைனா. அவளிடம் கற்றுக்கொண்ட தமிழ், அதனால் அவள் இழுவையும் அதில் இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வா என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? வராதே என்றால் எந்த வாயால் சொல்வது? வாரம் ஒன்று போய்விட்டது, பதில் போடவில்லை. "இன்னாய்யா சொன்ன புள்ளைக்கு?" என்று ஜெயக்கொடி காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவர் கிளம்பியபோது, கேட்காமலே அவளும் புடவை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தாள்.

தியேட்டரில் முன்பாதி முழுக்க ஒரே சலசலப்பு. பின்பாதியில் செஞ்சி வந்ததும் கைத்தட்டல், "டேய், நம்ம முடிவெட்டற அண்ணன்டா" என்று ஒரு சத்தம். திரையில் அந்த ஆப்பிரிக்காக்காரன் வாசலில் வந்து உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முன்வரிசையில் ஓர் அம்மாள், "ஒரு வாய் தண்ணியாவது குடுங்களேண்டி பாவிங்களா" என்று திரையைப் பார்த்து விசும்பினாள். பின்னாலிருந்து ஒருவன், "கதவத் தெறங்கடா, எங்க ஊரு பஸ்ஸு போயிடும்" என்றான். தியேட்டரே சிரித்தது. அரங்கநாதனும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் பயம் வந்தது. நாம் எதற்குச் சிரித்தோம்?

அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அப்பன்காரனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவன் முகம் எப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். டைரக்டர் அதைக் காட்டவே இல்லை. ஜன்னலில் ஒரு நிழல், ஓர் இருமல், அவ்வளவுதான். அந்த ஆள் அழுதானா, பல்லைக் கடித்தானா, சாப்பிட்டானா, தூங்கினானா, ஒன்றும் தெரியவில்லை. வெளியே இருக்கிறவனை அத்தனை நேரம் காட்டுகிறவனுக்கு உள்ளே ஒரு நிமிஷம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லையே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் ஜெயக்கொடி அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் கோதண்டராமன் ஒரு பக்கம், ராஜாராம் ஒரு பக்கம்.

"எப்பிடிண்ணே?"

"எடத்த நல்லா எடுத்திருக்கான்" என்றார் அரங்கநாதன்.

இடத்தைத் தவிர வேறொன்றும் நல்லாயில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டதாகக் கோதண்டராமன் எடுத்துக்கொண்டார். அரங்கநாதனே நல்லா எடுத்திருக்கான்னு சொல்லிட்டான் என்று ராஜாராம் பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டு போனார். அவரவர் வெற்றி அவரவருக்கு.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. ஜெயக்கொடி எடுத்து, ஒரு வார்த்தை பேசி, "இந்தா" என்று அவர் கையில் திணித்துவிட்டு முருங்கைக் கீரையை ஆய உட்கார்ந்தாள். தப்பிக்க வழியில்லை. போனுக்குள் கோஃபியின் முகம். ஒரு வருஷத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நைனா, சாப்டியா?"

"ம்."

"உங்க ஊரு படம் நானும் பாத்தேன் நைனா. இங்க போட்டாங்க."

அரங்கநாதன் போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார். இதோ வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"பொய் படம்" என்றான் கோஃபி.

அவர் கழற்றின சட்டைப் பொத்தானை மறுபடி போட்டார்.

"கூட வந்தவங்க எல்லாம் அழுவுறாங்க. பாத்தியா கோஃபி, உன் பொண்டாட்டி ஊரு எவ்ளோ மோசம்னு சொல்றாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு, சண்ட போட்டேன். உங்களுக்கும் தெரியாது, படம் எடுத்தவனுக்கும் தெரியாது, அது வழக்கம்னு சொன்னேன்."

"இன்னா வழக்கம்?"

"புருசன் வெளிய நிக்கறது. பொண்டாட்டி நெருப்புல போவும்போது புருசன் நெழல்ல நிக்கக் கூடாது. மாமனாரு கையப் புடிச்சி இட்டுக்கினு போயி வெயில்ல நிறுத்தணும். அம்மா சொன்னாங்களே. பின்பக்கமா வந்து மோர் குடுத்தாங்க, அப்ப சொன்னாங்க." அவன் மூச்சு விட்டுக்கொண்டான். "அன்னிக்கு எங்க நிக்கறது, இன்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியல நைனா. நீங்க எடம் காட்டினீங்க. எங்க ஊர்ல எங்க அம்மாகிட்ட சொன்னேன். ரொம்ப அழுதாங்க. பெரிய மனசு உள்ள ஜனங்கன்னு சொன்னாங்க."

அரங்கநாதன் திரும்பிப் பார்த்தார். ஜெயக்கொடி தலையைத் தூக்கவில்லை. ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்த வருசமும் அங்கயே நிக்கணுமா நைனா? நிக்கறேன். சும்மா கேட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அது வழக்கமில்லடா, உன்னை எனக்குப் பிடிக்காமல்தான் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டால் இவர் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும். அவன் நெஞ்சில் ஏறிவிடும். ஒரு வருஷமாக அவன் பத்திரமாக வைத்திருந்த அந்த ஒரு பகலும் பாழாகிவிடும். சொல்லாவிட்டால், செய்ததற்கு மெடல் குத்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எது யோக்கியம், எது அயோக்கியத்தனம் என்று சத்தியமாக அவருக்குப் புரியவில்லை. வாய்தான் அதுபாட்டுக்குப் பேசியது.

"வேணாம். சாவன்னிக்குத்தான் அப்பிடி. வருசம் திரும்பினா புருசன் உள்ள வந்துடணும். முன்ன உக்காந்து அவன்தான் எல்லாம் செய்யணும். அதான் வழக்கம்."

"மணி இத சொல்லலியே."

"அவளுக்கு இன்னா தெரியும், சின்னப் பொண்ணு."

கோஃபி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் போனைக் கீழே வைத்துவிட்டான் போலிருக்கிறது, அந்த ஊர் வீட்டின் கூரைதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டிக்கெட் போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தான்.

அரங்கநாதன் போனைத் தரையில் வைத்துவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்தார்.

"ஏண்டி அப்பிடிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? எதுக்கும்மா என்ன இங்க நிறுத்தினாங்கன்னு கேட்டுச்சு. எம் புருசனுக்கு உன்னப் புடிக்கலடான்னு சொல்லட்டுமா, பொண்டாட்டியப் பறி குடுத்துட்டு நிக்கறவன்கிட்ட?"

"எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நேரா போயி அவன்கிட்ட இல்லன்னு சொல்லியிருப்ப. அன்னிக்கு நீ இருந்த இருப்பு அப்பிடி."

அவள் சொன்னது நிஜம். அவள் தன்னைக் காப்பாற்றினாளா, தனக்குத் தெரியாமல் ஒரு வருஷம் ஏமாற்றினாளா என்று யோசித்துப் பார்த்தார். அவள் மேல் கோபப்பட ஆசையாக இருந்தது. கோபம் வரவில்லை.

ஜெயக்கொடி கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினாள்.

"சரி, நீ சொன்னது எந்த ஊரு வழக்கம்? முன்ன உக்கார வெச்சா நாளைக்கு கோதண்டராமன் கேப்பான், பங்காளிங்க அத்தினி பேரும் கேப்பாங்க. இன்னா சொல்லுவ?"

"வழக்கம்னு சொல்லுவேன்."

"நம்புவாங்களா?"

"அந்தப் புள்ள நம்பிச்சே" என்றார் அரங்கநாதன். மகள் பெட்டியில் வந்து இறங்கிய அன்று ஊரே எதிர்பார்த்தும் வராத அழுகை அப்போது வந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் தெருவுக்குக் கேட்கிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார். ஜெயக்கொடி எழுந்து போகவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை.