புல் முளைத்த மண்

பேஸ்பால் மைதானத்தில் புல்தரை முடிந்ததும் சுவர் வந்துவிடாது. நடுவே பத்தடிக்கு வெறும் மண் இருக்கும். எச்சரிக்கைத் தடம் என்று பெயர். அண்ணாந்தபடி பந்தைத் துரத்துகிறவனுக்குக் காலடியில் மண் நெறுநெறுத்தால், சுவர் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் எங்களுடையது சின்னக் கல்லூரி. மைதானத்தை ஆடுகிற நாங்களே பராமரிக்க வேண்டும். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை எங்களுக்குள் பிரித்துக்கொள்வோம். இடப்பக்கத் தடத்தில் களையெடுப்பது என் பங்கு. ஏப்ரல் முழுக்க வெளியூர் ஆட்டங்கள் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பச்சையாக இருந்தால் டிவியில் அழகாகத் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஆட்டத்தை எந்த டிவியும் காட்டியதில்லை.

மே முதல் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட்டம். இடப்பக்கம் நின்றவன் என் அறைத்தோழன் வெண்டல். அவனைப் பார்க்கவென்றே தொழில்முறை அணியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தடத்தை நான் சுத்தமாக வைத்திருப்பேன் என்று நம்பியதால் வெண்டல் பின்பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. உயரப் பறந்த பந்தைத் துரத்தி ஓடினான். கடைசிவரை காலடியில் புல்தான். ஓடிய வேகத்திலேயே சுவரில் மோதினான்.

தோள் எலும்பு உடைந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன், "மண்ணே தட்டுப்படலடா ரோஸ்கோ. என் காலு மரத்துப்போச்சா?" என்றான்.

"ஓடுன வேகத்துல கவனிச்சிருக்க மாட்ட."

"ஆமா. என் முட்டாள்தனம்."

மறுநாள் காலை மண்வெட்டியோடு போய் அத்தனை களையையும் வெட்டினேன். கோச் வந்து முதுகில் தட்டினார்.

"ஃப்ரெண்டுன்னா இப்படி இருக்கணும்டா."

"தேங்க்ஸ் கோச்," என்றேன்.