கல் இருந்த கை

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அது பெரிய நற்குணம் என்று கோயிலில் பிரசங்கம் பண்ணுகிறார்கள். போலீஸ்காரன் மாடிப்படி ஏறி வரும்போது அது எத்தனை பெரிய தொல்லை என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்குத் தெரியாது.

அவர் பெயர் தேவசிகாமணி. வீரராகவபுரத்தில் கீழே போட்டோக் கடை, மாடியில் எங்கள் குடித்தனம். கல்யாண ஜோடிகள், மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கோட்டுப் போட்ட வக்கீல்கள் என்று பிழைப்புக்கு எடுக்கிற படங்கள் ஒரு பக்கம். தனக்கென்று எடுக்கிற படம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு மாடிச் சன்னலில் பெட்டியை வைத்து, கீழே தெருவை ஒரே ஒரு படம் எடுப்பார். அதே சன்னல், அதே தெரு, இரண்டு வருஷமாக. நான் வற்றல் காயவைக்கிற சன்னல் அது. "அப்படி என்னதான் இருக்கு இந்தத் தெருவுல?" என்று கேட்டால், "போன வாரம் நின்ன மாடு இந்த வாரம் இல்ல, பாரு" என்பார். பெண்டாட்டி பிள்ளையைப் படம் எடுக்க ஒரு நாள் ஒழியாத மனுஷர் தெருவில் நிற்கிற மாட்டை வாராவாரம் எடுத்தார். ஊரில் அவருக்கு வெள்ளிக்கிழமைப் பைத்தியம் என்று பேர் விழுந்துவிட்டது.

1908 மார்ச்சில் கலகம் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். சுதேசித் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்று காலையிலேயே கடைகளை அடைத்தார்கள். கூட்டம் திரண்டது. முனிசிபல் ஆபீஸ் பக்கம் புகை எழுந்தது. பிறகு துப்பாக்கி வெடித்தது. நான் என் நாலு வயது மகள் கிரேஸை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற என் வீட்டுக்காரர், மணி பன்னிரண்டு ஆனதும் எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்து படம் எடுத்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு நடுங்கினார்.

மறுநாள் அந்தக் கண்ணாடிப் பிளேட்டைக் கையில் எடுத்தது நான்தான். மிஷனில் சின்ன வயதில் லேஸ் பின்னப் பழகியவள் என்பதால் எனக்குக் கை நடுங்காது. பிளேட்டில் மருந்து பூசிய பக்கத்தில் பென்சிலால் தொட்டுத் தொட்டு, மாப்பிள்ளைகளின் அம்மைத் தழும்பை மறைப்பது என் வேலை. கறுப்பும் வெள்ளையும் மாறிக் கிடக்கிற அந்த உருவங்களைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஆள் தெரிந்துவிடும். தெரு நடுவில் ஒருவன் கல்லை ஓங்கிக்கொண்டு நின்றான். தலையைத் திருப்பிவிட்டதால் முகம் கலங்கி, மூக்கும் கண்ணும் இல்லாமல் இருந்தது. உடம்பு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. ஒல்லியான, நெட்டையான உடம்பு. கல் இருந்தது இடது கையில்.

என் தம்பி பாக்கியசீலன் இடக்கைக்காரன். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தக் கையைப் பெஞ்சோடு கட்டிப்போட்டும் மாறவில்லை. இப்போது வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டில் அவன் இடது கையால் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்காத போலீஸ்காரன் கிடையாது. அன்று சாயங்காலமே சேரன்மகாதேவியிலிருந்து அத்தை ஆள் அனுப்பினாள். அவன் அங்கே ஒளிந்திருக்கிறானாம், சாப்பிடவும் இல்லையாம்.

திங்கட்கிழமை காலையில் சப்-இன்ஸ்பெக்டர் மாடிக்கே வந்துவிட்டார்.

"என்னவே, வெள்ளிக்கிழமைப் படம் எங்க?"

எடுக்கவில்லை என்று சொல்லலாம். விழுந்து உடைந்தது என்று சொல்லலாம். என் வீட்டுக்காரர், "இருக்கு" என்றார்.

"எங்க ஏட்டு மண்டையை ஒடச்சவன் இந்தத் தெருவுலதான் நின்னிருக்கான். ஏட்டு பெழைப்பாரான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்காரு. செத்தாருன்னா தூக்குதான். கல்லு வச்சிருக்கவனை மட்டும் அச்சுப் போட்டு நாளைக்கு ஸ்டேசனுக்குக் கொண்டாரும்."

"மாமா கல்லு..." என்று கிரேஸ் ஆரம்பித்தாள். நாங்கள் பேசிக்கொண்டதை எல்லாம் கேட்டுத் தொலைத்திருக்கிறாள். கையில் இருந்த முறுக்கை அவள் வாயில் திணித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் படி இறங்கினார்.

யோசனை என்னுடையதுதான். பிளேட்டை மருந்துப் பக்கம் காகிதத்தில் படும்படி வைத்துத்தான் வெயிலில் அச்சுப் போடவேண்டும். அதைத் திருப்பி வைத்தால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். படம் கொஞ்சம் மங்கலாக விழும், அவ்வளவுதான்.

"நீங்க அங்கன திரும்பி உக்காருங்க. பாக்காதீங்க" என்றேன். "பாக்கலன்னா கேக்கும்போது பொய் சொல்ல வேண்டாம்லா."

அவர் மொட்டைமாடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேதப்புத்தகத்துச் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அச்சுப் போட்டேன். மூலையில் ஒரு ஜவுளிக்கடைப் பலகை எழுத்து இடவலம் மாறி விழுந்திருந்தது. கத்தரியால் நறுக்கி எறிந்தேன். கல் இப்போது வலது கையில் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் வலது கைதான், எவனையென்று பிடிப்பான்? கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றுகூடச் சொன்னேன். அவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்கு.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாத்ததும் சிரிச்சாரு. 'வேட்டியை இடப்பக்கம்லா கட்டியிருக்கான்? பேட்டை ஆளுவே இவன்'னாரு." என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "சாலோமி, நீ வேட்டியையும்லா திருப்பிட்ட."

எங்கள் ஆண்களும் இந்துக்களும் வலப்பக்கம் கட்டுவார்கள். பேட்டையில் இருக்கிற முஸ்லிம்கள் இடப்பக்கம் கட்டுவார்கள். ஊரில் பிறந்த குழந்தைக்குத் தெரிந்த விஷயம். புருஷன் கட்டுவதையும் தம்பி கட்டுவதையும் ஆயுசு பூராவும் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கல்லையும் கையையும் தவிர என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

வியாழக்கிழமை பேட்டையில் காஜா முகைதீனைப் பிடித்தார்கள். எங்களுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிறவர். ஒல்லி, நெட்டை. கலகத்தன்று பதினொரு மணிக்கு எங்கள் கடையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு ஜும்மாவுக்கு ஓடினார். அவர் இந்தத் தெருவில் போனதை எவனோ பார்த்துச் சொல்லியிருக்கிறான். போலீசுக்கு அது போதும்.

செய்தி கேட்டதும் முதலில் என் மனம் குளிர்ந்தது. தம்பி இல்லை, தம்பி இல்லை என்று குளிர்ந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிறகுதான் அவமானமாக வந்தது. பிறகு அதைவிடப் பெரிய பயம் வந்தது. தூத்துக்குடியில் ஒரு தோணிக்காரரிடம் பேசியிருந்தோம். அடுத்த திங்கட்கிழமை தம்பியைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார். தோணி போனதும் பிளேட்டை எடுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாங்கள் முடிவு பண்ணினோம். நாலு நாள்தானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்த நாட்களில் படியில் பூனை நடந்தாலும் அவர் எழுந்து நின்றார். நான் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் காஜா முகைதீனின் மனைவி சித்தி ஜனாபா வந்தாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மதினி, அண்ணாச்சி வெள்ளிக்கிழமதோறும் படம் எடுப்பாகள்லா. அன்னைக்கும் எடுத்திருப்பாகளே. அதுல எங்க மச்சான் இல்லைன்னு போலீசுக்குக் காட்டச் சொல்லுங்களேன். மார்க்கத்துக்கு ஆகாதுன்னு ஒரு படத்துக்கும் நிக்காத மனுசர் மதினி அவுக."

படத்தைக் காட்டித்தான் அவரைப் பிடித்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

"திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்க, ஜனாபா. திங்கக்கெழம நாங்களே போறோம்."

"திங்கக்கெழம வரைக்குமா?" அவள் என்னையே பார்த்தாள். "நேத்து கஞ்சி கொண்டுபோனேன். வாயைத் தொறக்க முடியல அவுகளால. கம்பி வழியா துணியை நனைச்சுப் பிழிஞ்சுவிட்டேன். ஒத்துக்க ஒத்துக்கன்னு அடிக்காக. இன்னும் ரெண்டு நாள் தாங்குமா அந்த உசுரு? நீங்களே சொல்லுங்க."

நான் எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பிளேட்டை வெந்நீரில் முக்கினால் மருந்து கூழாகி வழிந்துவிடும். அப்புறம் வெறும் கண்ணாடி. இடதும் இல்லை, வலதும் இல்லை, என் தம்பியும் இல்லை. பிளேட்டைக் கையில் எடுத்துவிட்டேன். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன் என்று சொன்னால் நீங்கள் என்னைக் கெட்டவள் என்பீர்கள். நின்றேன்.

திரும்பினால் வாசற்படியில் அவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பிடுங்க வரவில்லை. கூச்சல் போடவில்லை.

"நான் ஒன்னும் சொல்ல மாட்டேன் சாலோமி," என்றார். "ஒன் தம்பி. நீதான் சொல்லணும்."

அந்த மனுஷரை அந்த நேரத்தில் எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது. கோழை, கோழை என்று மனதுக்குள் திட்டினேன். பிளேட்டைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "வா ஜனாபா, போவோம்" என்றேன். கிரேஸைப் பக்கத்து வீட்டில் விட்டோம்.

வழியில் அவளிடம் சொல்லிவிட்டேன். பாலத்து முனை தாண்டும்போது சொன்னேன். அவள் நின்றாள். திட்டுவாள், துப்புவாள் என்று நினைத்தேன். துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு முன்னால் வேகமாக நடக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை மதினி என்று கூப்பிடவே இல்லை.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி, எது மருந்துப் பக்கம், எது கண்ணாடிப் பக்கம், எப்படி வைத்து அச்சுப் போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வது போலச் சொன்னார்.

"அப்ப வேட்டி வலதுகட்டு. கல்லு இடது கையில." சப்-இன்ஸ்பெக்டர் பைய நிமிர்ந்தார். "அச்சைத் திருப்பிப் போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன். "அது என் தம்பி பாக்கியசீலன். காஜா முகைதீனை விட்டுருங்க."

சொல்லியாயிற்று. நெஞ்சில் இருந்து கல் இறங்கியது போல ஒரு மூச்சு வந்தது. உள்ளே கம்பிக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. ஜனாபா அந்தப் பக்கம் ஓடினாள்.

"விடுதேன்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஆளுக்கு ஆளு. ஒன் தம்பி இங்கன வந்து நிக்கட்டும், அந்த நிமிசமே இவனை விடுதேன். எங்கன இருக்கான்?"

யார் என்று சொல்லத்தான் நான் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். எங்கே என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம். திங்கட்கிழமை தோணி போய்விடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜனாபா ஏதோ கெஞ்சிக் கெஞ்சிப் பேசிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

"சேரன்மகாதேவி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"சேரன்மகாதேவியில எங்க?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வேண்டாம் என்றுதான் பார்த்தேன். அவர் அழுதுகொண்டே தெருப் பெயரைச் சொன்னார், அத்தை பெயரைச் சொன்னார், கொல்லைப்பக்கம் ஆற்றுக்கு இறங்க ஒரு வழி இருப்பதையும் சொன்னார்.