எ.வ. பதினொன்று

ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது. புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து வெள்ளிக்கிழமை நண்பகல் வரை. அதற்குள், எங்கள் கல்லூரி இதுவரை கண்ட முப்பத்தொரு மல்யுத்தச் சாம்பியன்களில் எல்லாரையும்விட மேலானவர் யார் என்று நான் ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை புதிய மல்யுத்தக் கூடத்தைத் திறக்கிறார்கள். கூடத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைக்கப்போகிறார்கள்.

நான் விளையாட்டு அலுவலகத்தில் தற்காலிக உதவியாளர். படித்தது புள்ளியியல். என் ஆறு மாத ஒப்பந்தமும் அதே வெள்ளிக்கிழமை முடிகிறது. சண்டை இல்லாமல் ஒரு பெயர் வந்துவிட்டால் என் நிரந்தர வேலைக்கான ஆணையில் கையெழுத்துப் போடுவதாக இயக்குநர் சொன்னார். ஆணையை அடித்தே வைத்திருந்தார். அது அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்று அதைத் தலைகீழாகப் படிக்க நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

சண்டை என்று அவர் சொன்னது எங்கள் பயிற்சியாளர்கள் இருவரையும். பெரிய மாஸ்டர், சின்ன மாஸ்டரின் அக்காவைக் கட்டியவர். அவர் வளர்த்த சாம்பியனுக்கு ஸ்பிரிங் என்று பட்டப்பெயர். சின்ன மாஸ்டர் வளர்த்த சாம்பியன் சிமெண்ட். இருவரில் யார் உசத்தி என்ற பேச்சில் ஏழு வருஷத்துக்கு முன்னால் மாமனும் மச்சானும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரே விரிப்பில், முதுகோடு முதுகு நின்று, இரண்டு அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மிகவும் அவசரமென்றால் ஒருவர் அக்காவுக்கு போன் செய்வார். அக்கா இன்னொருவருக்குச் செய்வார். விசிலைக் கொஞ்சம் கொடு என்பது வரைக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

"மனுஷன் சொன்னா சண்டை வரும். கணக்கு சொன்னா யாரோட சண்டை போடுவாங்க?" என்றார் இயக்குநர்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பழைய ஆட்டத்தாள்கள் பதினேழு அட்டைப்பெட்டிகளில் வந்தன. நான் பிரிப்பதற்குள் பெரிய மாஸ்டர் வந்துவிட்டார். எத்தனை பேரை ஜெயித்தான் என்பது முக்கியமில்லை, எப்பேர்ப்பட்டவனை ஜெயித்தான் என்பதுதான் கணக்கு என்றார். ஸ்பிரிங்கின் இடுப்புப் பிடி எப்படி இருக்கும் என்று என் இரும்பு அலமாரியைக் கட்டிப்பிடித்துக் காட்டினார். அவர் போன பிறகு சின்ன மாஸ்டர் வந்தார். அவர் வேகம்தான் கணக்கு என்றார். சிமெண்ட் ஒன்பது விநாடியில் ஒருவனின் முதுகைத் தரையில் பதித்ததை அதே அலமாரியை வைத்து விளக்கினார். மத்தியானத்துக்குள் அலமாரி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் சாவித் துவாரம் இப்போதும் சுவர்ப் பக்கம்தான்.

நான் இருவர் சொன்னதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்த புள்ளிகளிலிருந்து கொடுத்த புள்ளிகளைக் கழித்தேன். அதை ஆடிய நிமிடங்களால் வகுத்தேன். எதிராளியின் முதுகு தரையில் பட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், அதற்குப் பத்துப் புள்ளி. ஒருவர் பத்துப் புள்ளி முன்னால் போனாலும் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அந்தப் பத்து. விடைக்கு நிமிட ஆதிக்கம் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த பிறகு கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். அறை சிறியது. நான்கு எட்டுதான் நடக்க முடிந்தது.

தாள்களில் முடிவுகளைச் சுருக்கெழுத்தாக எழுதியிருந்தார்கள். மு.ப. என்றால் முதுகு பட்டது. பு.வெ. என்றால் புள்ளியில் வெற்றி. இவை இரண்டும் தாளைப் பார்த்ததுமே புரிந்தன. மூன்றாவதாக எ.வ. என்று ஒன்று வந்தது. எளிய வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். 'வெ'க்குக் கொம்பு போட எழுதியவருக்கு நேரமில்லை போலிருக்கிறது. எ.வ. வந்த இடங்களிலெல்லாம் நேரத்துக்கான கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. குறித்துக்கொள்ளக்கூட நேரமில்லாத வேகம் என்று நினைத்தேன். பெட்டிகளிலேயே மிகக் குறைந்த நேரம் சிமெண்டின் ஒன்பது விநாடி. அதையே போட்டேன். ஒரு எ.வ.வுக்குப் பத்துப் புள்ளி, ஒன்பது விநாடி.

வியாழக்கிழமை மாலை விடை வந்தது. ஸ்பிரிங் 4.12. சிமெண்டும் 4.12. இருவரும் இரண்டாம் இடம்.

முதலிடத்தில் கதவு என்ற ஒருவர் இருந்தார். நூற்று முப்பது கிலோ. பதினான்கு ஆட்டங்கள், பதினான்கிலும் வெற்றி. அதில் எ.வ. மட்டும் பதினொன்று. நிமிட ஆதிக்கம் 5.90.

இயக்குநர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு மாஸ்டர்கள் இருவரையும் கூப்பிட்டுத் தாளை நடுவில் வைத்தார். அவர்கள் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து குனிந்து படித்தார்கள். தன் ஆள் ஜெயிக்கவில்லை என்பது முதலில் புரிந்தது. மற்றவர் ஆளும் ஜெயிக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. பெரிய மாஸ்டர் நிமிர்ந்தார்.

"மச்சான்," என்றார்.

"சொல்லுங்க அத்தான்," என்றார் சின்ன மாஸ்டர்.

ஏழு வருஷம் அவ்வளவுதான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மல்யுத்தக்காரர்கள் என்பதால் அது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு முறை சின்ன மாஸ்டரின் கால் தரையை விட்டு எழும்பியது. அக்காவுக்கு போன் போனது. ஒரே போனில் இரண்டு குரல்களையும் கேட்டதும் யாருக்கு என்ன ஆச்சு என்று அக்கா பதறியது எனக்கே கேட்டது. இயக்குநர் மேசைக் கண்ணாடியைத் தூக்கி ஆணையை வெளியே எடுத்து சட்டைப்பையில் வைத்தார். விழா முடிந்ததும் கையெழுத்து என்றார்.

அன்று நான் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தேர்வுப் பிரிவு அக்கா அழைப்பிதழ் வாங்க வந்தார். மதிப்பெண் பட்டியல் அடிப்பவர். போட்டி நாட்களில் அவர்தான் இத்தனை வருஷமும் மேசையில் உட்கார்ந்து ஆட்டத்தாள் எழுதியவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த என் பட்டியலைப் படித்தார். சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

எ.வ. என்றால் என்ன என்று நினைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். கொம்பு விட்டுப்போயிருந்தது என்றும் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. "இருபது வருஷம் எழுதியிருக்கேன். நான் ஒரு கொம்பை விட்டதா எவளாவது சொல்லட்டும்," என்றார். "எதிராளி வரலடீ. எ.வ."

பெட்டிகளைத் திரும்பப் பிரித்தேன். அக்கா பக்கத்தில் நின்று விரலை வைத்தார். பு.வெ. எல்லாவற்றிலும் கொம்பு இருந்தது. எ.வ. ஒன்றில்கூட இல்லை. எந்தச் சாம்பியனுக்கும் ஒன்று இரண்டு எ.வ. இருக்கும், ஸ்பிரிங்குக்கும் சிமெண்டுக்கும் அதுவும் கிடையாது, கதவுக்குப் பதினொன்று. அவற்றை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். மீதி மூன்று ஆட்டம், பதினெட்டு நிமிடம், மொத்தம் ஆறு புள்ளி வித்தியாசம். 5.90 போய் 0.33 வந்தது. முப்பத்தொரு பேரில் முப்பத்தொன்றாவது இடம். முதலிடத்தில் ஸ்பிரிங்கும் சிமெண்டும் 4.12இல் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது தசமத்தை நான் பார்க்கவில்லை. கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.

இயக்குநரிடம் மூன்று முறை போனேன். முதல் முறை திரைச்சீலைக்காரரோடு போனில் இருந்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். இரண்டாவது முறை நான் வாயைத் திறப்பதற்குள், விழாவில் கணக்கு பற்றி இரண்டு நிமிடம் மைக்கில் பேச வேண்டும் என்றார். கல்லூரியில் மூன்று வருஷமும், நான் வகுப்பில் இருந்தும், எனக்காக 'உள்ளேன்' சொன்னது பக்கத்துப் பெண்தான். மூன்றாவது முறை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

"சார், ஒரு கொம்பு," என்றேன்.

"கொம்பன்மா அவன். நேத்தே நினைச்சேன்," என்று சொல்லிக்கொண்டே சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பதினொரு மணிக்குக் கதவு வந்தார். நுழைந்ததும் அறையில் வெளிச்சம் குறைந்தது. இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கூடவே மனைவியும் இரண்டு பெண்களும். பெண்கள் இருவரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இருபது வருஷமாக இவர், நான் சாம்பியன், சாம்பியன் என்று சொல்வார், நாங்கள் சும்மா கதை விடுகிறார் என்றே நினைத்தோம் என்றார். அலமாரியில் இரண்டு கோப்பை இருந்ததாம். கடையில் வாங்கியது என்று பெண்கள் கேலி செய்வார்களாம். நேற்று இயக்குநர் போன் செய்ததும் பெரியவள் கோப்பைகளைப் பல்பொடி போட்டுத் தேய்த்தாளாம்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

கூடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் தனியாகப் போனார். பின்னாலேயே ஓடினேன். ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு, கோட்டோடு, புது விரிப்பின் நடுவில் நின்றார். குதிகாலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். நான் நின்ற இடத்திலும் விரிப்பு அசைந்தது.

"பட்டியல்ல எ.வ. பதினொன்னுன்னு போட்டிருக்கீங்களே," என்றார். "அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"காலைலதான் தெரிஞ்சுது."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கண்ணுக்கு எந்த எண் என்று பார்க்கிற பார்வை. பிறகு சிரித்தார். அந்த உடம்பு சிரிக்கும்போது அதில் எந்த இடம் முதலில் சிரிக்கிறது என்று சொல்ல முடியாது.

உங்கள் கணக்கு எல்லாம் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறது என்று நினைத்தேன் என்றார். பயந்தவனையும் சேர்த்து எண்ணுவதற்கு ஏதாவது வழி வந்திருக்கும், விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று வீட்டில் விளக்கம் கூடச் சொன்னாராம். பயந்தார்களா என்று கேட்டேன். நியாயமாக விரல் விட்டு எண்ணினார். ஐந்து கல்லூரிகளில் அந்த எடைக்கு ஆளே கிடையாது. மூன்று பேர் எடையைக் குறைத்துக் கீழ்ப்பிரிவுக்கு ஓடிவிட்டார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

"ஒருத்தன் மட்டும் வந்தான்மா. என்னைப் பார்த்தான். டீ குடிச்சிட்டு வந்துடறேன்னான். இன்னும் குடிச்சிட்டிருக்கான்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரம் என்பதால் நிறுத்தவும் முடியவில்லை. கூடத்தில் அது எதிரொலித்தது.

ஆடிய மூன்று ஆட்டங்களைப் பற்றிக் கேட்டேன். மூன்று புள்ளி, இரண்டு புள்ளி, ஒரு புள்ளி வித்தியாசம் என்று தாளைப் பார்க்காமல் சொன்னார். கடைசி ஆட்டத்தில் ஆறாவது நிமிடம் முடியும்போது இருவரும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்களாம், நடுவர் குனிந்து கையைத் தேடி எடுத்துத் தூக்கினாராம். யாருடைய கை என்று இவருக்கே சந்தேகமாம்.

உங்கள் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. ஆனா சீக்கிரம் சொல்லிடுங்க. இந்தக் கோட்டு பட்டன் அரை மணிக்கு மேல தாங்காது," என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. எல்லாருடைய ஷூவும் வாசலில். முதல் வரிசையில் மாஸ்டர்கள் இருவரும் ஒரே அழைப்பிதழை ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா, இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி. கதவின் மனைவி போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார். தேர்வுப் பிரிவு அக்கா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவரில் பெயர்ப்பலகையின்மேல் திரைச்சீலை. இயக்குநர் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து ஆணையின் ஒரு மூலை எட்டிப்பார்த்தது.

வணக்கம் என்றேன். என் குரல் நான்கு சுவர்களிலிருந்தும் என்னிடமே திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நிமிட ஆதிக்கம் என்றால் என்ன என்று சொன்னேன். முப்பத்தொரு பேர் என்றேன். 5.90 என்றேன். கைதட்டினார்கள். கதவின் சின்னப் பெண் விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். எழுதி வைத்திருந்த தாள் அந்த இடத்தோடு முடிந்தது.

இயக்குநர் கயிற்றை லேசாக இழுத்துப் பார்த்துக்கொண்டார். இறங்கலாம் என்று கண்ணைக் காட்டினார். நான் இறங்கவில்லை. கைதட்டல் ஓய்ந்தது. யாரோ ஒருவர் இருமினார். கதவு ஒரு கையால் பட்டனைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எ.வ.ன்னா எளிய வெற்றி இல்ல," என்றேன். "எதிராளி வரவில்லை. பதினோரு தடவையும் யாரும் வரல. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."