ஆண் கிடைக்காத இனம்

பூச்சிக் காப்பகத்தில் எல்லோரும் அவரை 'லென்ஸ் சார்' என்பார்கள். இரண்டு இலைக் கூன்வண்டுகளைப் பார்த்து ஒரே மாதிரி இருக்கின்றன என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஒன்று பச்சை, முன்தொடையில் முள் உண்டு. மற்றது செம்பு நிறம், முள் கிடையாது. பச்சைக்கு எவரோ எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். செம்பைத் தனி இனமென்று நிறுவியவர் அவர்தான். காய்ச்சலில் போன மகளின் பெயரை அதற்கு வைத்தார். வீட்டில் அந்தப் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. காப்பகத்தில் நாள்தோறும் காதில் விழுந்தது. அதற்காகவே அவர் லீவு போடமாட்டார்.

அன்று பக்கத்து மேஜைப் பெண், துளை போட்ட சாப்பாட்டு டப்பா ஒன்றை அவர் முன் வைத்தாள். உள்ளே ஓர் இலை. அதன்மேல் செம்பு வண்டு. அதன் முதுகில் பச்சை, இணைசேர்ந்தபடி.

"வழி தெரியாம ஏறியிருக்கும். இதுங்களுக்கு என்ன கண்ணா தெரியுது?" என்றார்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். ஒரு செம்பு போட்ட முட்டைங்களை மண்தொட்டியில வளர்த்துப் பார்த்தேன். ரெண்டு நிறமும் வந்துச்சு."

இழுப்பறையைத் திறந்து தன் பழைய குறிப்பேட்டை எடுத்தார். அவர் அறுத்துப் பார்த்த பச்சை அத்தனையும் ஆண். செம்பு அத்தனையும் பெண். செம்புக்கு 'ஆண் கிடைக்கவில்லை' என்று அவரே எழுதியிருந்தார். வேறு எவனாவது எழுதியிருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பார். மகளை அடக்கம் செய்த மாதத்தில் எழுதியது அது. ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டாக்கி வைத்திருந்தார். இனி முதலில் வைத்த பச்சையின் பெயர்தான் நிற்கும்; மகளின் பெயர் போய்விடும்.

அடுத்த அறையில் பூச்சிப் படம் வரையும் அவர் மனைவியை அந்தப் பெண் கூட்டிவந்தாள். மனைவி டப்பாவைக் குனிந்து பார்த்தாள்.

"நாம சொல்லாம விட்டா?" என்றார்.

"வேற ஒருத்தர் கண்டுபிடிச்சு எடுத்துடுவாங்க. அவ பேர நீங்கதான் வெச்சீங்க. நீங்களே எடுங்க."

சான்றுக்கு அந்த ஜோடியைச் சாராயக் குப்பியில் போட்டுக் கொன்று பதப்படுத்த வேண்டும். ஆயிரக்கணக்கில் போட்ட கைதான். டப்பாவுக்குள் கைவிட்டதும் செம்பு வண்டு, பச்சையைச் சுமந்தபடியே, அவர் விரலில் ஏறி நகத்தின்மேல் நின்றது. அவர் அசையவில்லை.

மனைவி குப்பியின் மூடியைத் திருகித் திறந்து, அவர் விரலுக்கு அடியில் பிடித்தாள்.