வார்னிஷ் பூசிய செம்பு

அக்காவின் கட்டில் கம்பி கடையில் அடுக்கிவைத்த பாத்திரம் போலப் பளபளத்ததைப் பார்த்ததும் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பாருடி பட்டதாரி, இதுல என் மூஞ்சியே தெரியுது," என்றாள் அக்கா. "இத்தனை நாளா கறுத்துப்போய்க் கிடந்துச்சு. இப்பதான் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

சலவைத் தொழிற்சாலையில் நீராவிக் குழாய் வெடித்து, வலது தோளிலிருந்து இடுப்பு வரை வெந்துபோயிருந்தாள். நான் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தத் தொழிற்சாலைக்குள் போனவள் அவள். எங்கள் வீட்டின் முதல் பட்டத்தில் பாதி அவளுடைய தோல். இப்போது தொடையிலிருந்து தோல் எடுத்துத் தோளில் ஒட்ட வேண்டும். புண்ணில் கிருமி ஏறாமல் இருந்தால் நாளை மறுநாள் ஒட்டுவார்கள். ஏறிவிட்டால் ஒட்டிய தோல் நிற்காது. சில சமயம் ஆளே நிற்பதில்லை.

அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது என் வேலை. தீக்காய வார்டின் கட்டில் கம்பி, கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு எல்லாவற்றையும் செம்பாக மாற்றியபோது பஞ்சுக் குச்சியால் தடவித் தடவிச் சோதித்தவள் நான். எஃகில் நாள்கணக்கில் உயிரோடு உட்கார்ந்திருக்கிற கிருமி, செம்பில் சில மணி நேரத்தில் செத்துப்போகிறது. அதற்காகக் கை கழுவாமல் இருந்துவிட முடியாது. ஆனால் கை கழுவ மறந்த ஆளுக்கும் நோயாளிக்கும் நடுவே அது ஒரு காவல். அதனால்தான் கையைக் காலைப் பிடித்து அக்காவை இந்த வார்டில் சேர்த்தேன்.

கம்பியை இறுகப் பிடித்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்தேன். செம்பைத் தொட்டால் கையில் ஒரு வாடை ஒட்டும். அது இல்லை. வார்னிஷ்தான் மூக்கில் ஏறியது.

"சிஸ்டர், இதை யாரு பூசினது?"

"இந்தச் செம்புக்குப் பணம் கொடுத்த புண்ணியவான் நாளைக்குப் பாக்க வர்றாராம். துருப்பிடிச்ச மாதிரி இருக்குன்னு சூப்பரின்டென்ட் சொல்லிட்டாரு. நேத்து எல்லாரையும் வராந்தாவுல போட்டுட்டுப் பூசினாங்கம்மா. நான் சொன்னா யாரு கேக்கறா?"

கம்பியைப் பஞ்சுக் குச்சியால் தடவி, கிருமி வளர்க்கிற தட்டில் போட்டேன். மறுநாள் காலை தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். முன்பெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த புள்ளிகள், இப்போது தயிரை வாரி இறைத்தது போல மொய்த்திருந்தன. தட்டோடு நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். பராமரிப்புப் பொறியாளரும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், செம்பு மேல வார்னிஷ் அடிச்சிருக்கீங்க."

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் கண்காணிப்பாளர்.

"உசந்த சரக்கு சார்," என்றார் பொறியாளர். "இனிமே அந்தச் செம்பை எதுவும் தொடாது. காத்துகூடப் படாது."

"எதுவும் தொடாதுன்னா அப்புறம் செம்பு எதுக்கு சார்? பிளாஸ்டிக் வாங்கி மாட்டியிருக்கலாமே. கிருமி செம்பைத் தொட்டாதானே சாகும்!" தட்டை மேஜையில் வைத்தேன்.

கண்காணிப்பாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "முதல்ல அதை எடும்மா இங்கேர்ந்து!"

"பயப்படாதீங்க சார், இது மூடின தட்டு. மூடாம கிடக்கிறது உங்க வார்டுதான்."

"விருந்தாளி வந்துட்டுப் போகட்டும். அடுத்த வாரம் பேசிக்கலாம்."

"நாளைக்கு என் அக்காவுக்கு ஆபரேஷன்."

"ஓ, அக்காவுக்காகத்தான் இந்தக் குதியா?"

"ஆமா சார், அக்காவுக்காகத்தான். உங்க அக்கா அங்க படுத்திருந்தா நீங்க டீ குடிச்சுக்கிட்டு இருப்பீங்களா?"

"நாலு எழுத்து படிச்சதும் தலைகால் தெரியலை. உங்க வீட்டுல யாரு..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மீதி எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லைதான். அதனால்தான் நான் படித்ததை இன்னும் நம்புகிறேன். இவர்கள் படித்ததைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது.

ஆய்வகத்திலிருந்து, வார்னிஷைக் கரைக்கிற அசிட்டோன் புட்டியை எடுத்தேன். ஆக்சிஜன் ஓடுகிற வார்டுக்குள் அதைத் திறந்தால் ஒரு பொறி போதும். அதனால் கம்பியைக் கட்டிலோடு பிணைக்கிற ஊசிகளைப் பிடுங்கி, கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கத் துவைக்கிற கல்லுக்குப் போனேன். அக்கா உருண்டு விழாமல் இருக்க, சிஸ்டர் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வார்னிஷ் சளி போல உரிந்து வந்தது. தேய்க்கத் தேய்க்கக் கோபம் குறையவில்லை, கூடியது. அக்காவின் உயிரைவிட இவர்களுக்கு மினுமினுப்பு பெரிதாகப் போய்விட்டதே! சோப்புப் போட்டுக் கழுவித் திரும்பினால், பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் தன் மனைவியின் கம்பியோடு நிற்கிறார்.

"இதையும் பாத்துடும்மா. இல்ல, எப்படின்னு சொல்லு, நானே தேய்க்கிறேன்."

இருவரும் கம்பிகளோடு வார்டுக்குள் நுழைந்தபோது விருந்தாளி வந்துவிட்டிருந்தார். கண்காணிப்பாளர், கம்பியில்லாத இரண்டு கட்டில்களையும் முதுகால் மறைத்துக்கொண்டு, "சின்னப் பராமரிப்பு வேலை சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வார்னிஷை உரிக்கிறாங்க சார்," என்றாள் அக்கா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. "என் தங்கச்சிதான். நல்லாப் பேசுவா, கேட்டுப் பாருங்க."

விருந்தாளி என் தோளில் இருந்த மங்கலான, திட்டுத்திட்டான கம்பியைப் பார்த்து முகம் சுளித்தார். "நான் கொடுத்தது இதுவா?"

"இதுதான் சார் நீங்க கொடுத்தது. அங்க மின்னுறது இவங்க கொடுத்தது."

அவர் என்னையும் கண்காணிப்பாளரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ மின்னுகிற கட்டில் ஒன்றின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் தோல் ஒட்டிக்கொண்டது. செம்பால்தானா? ஒரு கட்டிலை வைத்து அப்படிச் சொல்ல முடியாது; சொன்னால் நானும் தெரியாமல் அடித்துப் பேசிய அந்தப் பொறியாளர் மாதிரிதான். வார்னிஷ் உரிக்காத வாசலோரக் கட்டிலில் கிடந்த ஒரு அம்மாவுக்குப் புண்ணில் சீழ் வைத்துவிட்டது. அந்தப் பழியையும் வார்னிஷ் மேல் போட முடியாது. ஆனால் அந்தக் காவலை எடுத்துவிட்டவர்கள் யார் என்று சொல்ல முடியும். சொன்னேன். மருத்துவமனைச் சொத்தின் தோற்றத்தைக் கெடுத்ததாக எனக்கு மெமோ வந்தது.

இன்று காலை அந்த அம்மாவின் கட்டில் கம்பியைக் கழற்றப் போனேன். ஊசி அசையவில்லை. வார்னிஷ் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு மெமோ வேணுமாடி உனக்கு?" என்றாள் எதிர்க் கட்டிலிலிருந்து அக்கா.

சிஸ்டர் பையிலிருந்து குறடை எடுத்து என்னிடம் நீட்டினார்.