சனூசியின் வீடு மேடேறிய நாள்

சனூசி தூங்கி எழுந்து கதவைத் திறந்தபோது கடலைக் காணவில்லை.

இத்தனை வருடமும் அந்தக் கதவைத் திறந்தால் எதிரே கடல்தான். இப்போது பள்ளிவாசலின் பின்சுவர் நின்றது. சுவரடியில் யாரோ வெங்காயத் தோலைக் கொட்டியிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தான். சுவர் நகரவில்லை.

நிக்கல் உருக்காலையில் இரவு வேலை முடித்து, விடிந்தபின் வந்து விழுந்தவன். ஆலையில் கொடுத்த காதடைப்பானைக்கூடப் பிடுங்காமல் படுத்திருந்தான். தூக்கத்தில் படகில் போவது போல ஓர் ஆட்டம் இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. சரி, செத்துத்தான் போய்விட்டோம் என்று நினைத்தான். செத்தவனுக்கு இப்படிப் பசிக்குமா என்ன?

ஏணிப்படியில் இறங்கினான். வீட்டின் தூண்கள் எல்லாம் புதுக் கற்களின் மேல் உட்கார்ந்திருந்தன. தூண்களில் நீள நீளமாக மூங்கில் கழிகள் கட்டியிருந்தன. மரநிழலில் ஊர் ஆண்கள் வியர்வையோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வாழையிலையில் அவித்த பழப் பலகாரத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் அத்தனை வாயும் அப்படியே நின்றுபோயின.

"ஏய், இவன் எங்கேருந்துடா எறங்குறான்?" என்றார் அம்போ சக்கா. வீடு தூக்கும்போது முன்னால் நின்று குரல் கொடுக்கும் பெரியவர்.

"என் வீட்டுலேருந்துதான். என் வீடு ஏன் இங்க நிக்குது?"

"உன் வீடா?" பெரியவர் கையிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டியது. "அப்ப இது முக்தார் வீடு இல்லையா?"

லம்பாசி கிராமத்தில் வீடு மாற்றுவது என்றால் வீட்டையே மாற்றுவதுதான். பிரிப்பதும் இல்லை, இடிப்பதும் இல்லை. மூங்கில் கட்டி, ஊரே தோள் கொடுத்து, தூக்கிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் வைத்துவிடும். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஆள் கூடிவிடும். ஆலை வந்தபிறகு ஏது ஆள்? பாதிப்பேர் பகலில் உலைமுன் நிற்கிறார்கள், மீதிப்பேர் இரவில். இன்று மாலை வரைக்கும் உலையைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தார்கள். அந்த ஒரு பகலுக்காகத்தான் சனூசியின் தம்பி முக்தார் காத்திருந்தான்.

முக்தார் கடற்கரையிலிருந்த தன் பங்கு மனையைத் துறைமுகச் சாலைக்கு விற்றுவிட்டு, இங்கே மேட்டில் மனை வாங்கியிருந்தான். நாளைக் காலையில் புல்டோசர் வரும். அதற்குள் வீடு மேடேறியாக வேண்டும். ஏறிவிட்டது. ஆனால் ஏறியது அண்ணன் வீடு! அப்பா இருவருக்கும் ஒரே மரத்தில், ஒரே அளவில், அருகருகே கட்டிக்கொடுத்தவை. வர்ணம்கூட ஒரே பச்சை.

"அதுக்காக? எந்தப் பக்கத்து வீடு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியாதா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கத்தினான் சனூசி.

"தெரியும்டா. வடக்கு வீடு தம்பியோடதுன்னுதான் கிட்ட போனேன். எட்டிப் பாத்தா பானை, பெட்டி, தையல் மெஷின், எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு. தெற்கு வீட்டை எட்டிப் பாத்தேன். துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. காலி பண்ணின வீடு எது? நீயே சொல்லு. சரி, நமக்குத்தான் வயசாச்சு, திசை மாறிப்போச்சுன்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சனூசிக்குச் சுருக்கென்றது. மனைவி கட்டில், அலமாரி, அடுப்பு உட்பட வாரிக்கொண்டு கெண்டாரி நகரத்துத் தாய்வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. நடுத்தூணை ஒட்டிய இருட்டு மூலையில் ஒரு பாயும் கொசுவலையும்தான் மிச்சம். ஆள் வாழ்கிற வீடு என்றே ஊருக்குத் தெரியவில்லையே!

முக்தாரின் மனைவி ஹஸ்னா தலையில் அடித்துக்கொண்டாள். "சாமானை வெளிய எடுத்து வெக்கணும்னு இருந்தேன். பலகாரத்துக்கு ஆள் பத்தலன்னு கூப்பிட்டாங்க, வந்துட்டேன். பச்சை வீடு மேடேறி வருது, நம்ம வீடுதானேன்னு கைதட்டி வேற சிரிச்சேன், பாவி!"

அப்போதுதான் சிகரெட்டும் காப்பித்தூளும் வாங்கப் போன முக்தார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வீட்டைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"என் மனைல நீ என்ன பண்றே?"

இரண்டு வருடத்தில் முதல் பேச்சு. மனையை விற்ற அன்று, அப்பனைப் புதைச்ச கபுரையும் சேத்து வித்துடு என்று சனூசி சொன்னதோடு நின்றுபோன பேச்சு.

"அதை உன் ஊர்க்காரங்களைக் கேளு. தூங்கினவனைத் தூக்கிட்டு வந்துட்டு, என்னையே கேக்கறியா?"

விஷயம் புரிந்ததும் முக்தாரின் முகம் வெளிறிப்போனது. "திரும்பத் தூக்கலாம்ல? இதை எறக்கி வெச்சுட்டு, அதை..."

"இடுப்பு யார்கிட்டடா இருக்கு?" என்றார் அம்போ சக்கா. "ஆலை பஸ்ஸு வர்ற நேரமாச்சு. மறுபடி மேடு ஏற முடியாது." தாடியைத் தடவினார். "ஒண்ணு செய்யலாம். சனூசி மனை இப்ப காலியாத்தானே கெடக்கு? பக்கத்து மனை, சமதரை. தம்பி வீட்டை அங்க நகர்த்த இருக்கிற ஆளே போதும். ஆளுக்கு ஆள் மனையை மாத்திக்குங்க."

எல்லாரும் சனூசியைப் பார்த்தார்கள்.

விலைபேச வந்த தரகர்களை எல்லாம் விரட்டி, பெண்டாட்டியோடு மல்லுக்கட்டி, அவன் கட்டிக் காத்த மண். விற்றவனுக்குக் கடல், காத்தவனுக்குப் பள்ளிவாசல் சுவரா? எந்த ஊர் நியாயம் இது? தம்பி வீடு இடிந்தால் இடியட்டும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

முக்தார் முந்திக்கொண்டான். "அண்ணனைக் கேக்காதீங்க. நான் வித்தேன், நான் அனுபவிக்கிறேன். அப்பா கட்டின வீடு... போகட்டும்." திரும்பி நின்றுகொண்டான்.

"கழியை அவுங்கடா!" என்றான் சனூசி. "பஸ்ஸு வரப்போகுது, வாயைப் பாத்துட்டு நிக்கிறீங்க!"

சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. கீழே ஓடி முதல் கழிக்குத் தோள் கொடுத்தவனும் அவன்தான். எதற்காக ஓடினான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அம்போ சக்கா குரல் கொடுக்க, தம்பி வீடு முனகிக்கொண்டே எழுந்து, தென்னைகளைத் தாண்டிப் போய், சனூசி மனையின் பழைய கற்களின் மேல் உட்கார்ந்தது.

ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். சனூசிக்கு அன்று இரவு வேலை இல்லை. தோள் எரிந்தது. தொட்டியில் காலைக் கழுவி, ஏணி ஏறி, கதவைத் தள்ளி உள்ளே போய், நடுத்தூணில் சாய்ந்து கண்ணை மூடினான்.

மீன் பொரிக்கும் வாசனை வந்தது. என் வீட்டில் யார் மீன் பொரிப்பது?

கண்ணைத் திறந்தான். முக்தாரின் இரண்டு மகள்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சனூசி துள்ளி எழுந்தான்.

"பழக்க தோஷம்... இங்கதானே எப்பவும்... நான் வர்றேன்."

"எங்க?" என்றான் முக்தார்.

"என் வீட்டுக்கு."

"மேட்டுல விளக்கு கெடையாது. இருட்டுல வழி தெரியாது உனக்கு. சாப்பிடு, நான் கொண்டுபோய் விடறேன்."

பிறந்த ஊரில், தன் வீட்டுக்கு வழி தெரியாது. சனூசி உட்கார்ந்தான். ஒரு வாய் எடுத்து வைத்தான்.

"மீன்ல உப்பு கம்மி," என்றான்.

"ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல, கொறை சொல்ல மட்டும் வந்துடுறீங்க மச்சான்," என்று ஹஸ்னா இன்னொரு மீனைத் தட்டில் வைத்தாள்.

சனூசிக்கு அழுகை வந்துவிட்டது. எந்த வீட்டை நினைத்து வந்தது என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை.