மூன்று மணித் தண்ணீர்

தம்பி வந்தபோது மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தெருக்கோடியில் மேட்டில் இருக்கும் அக்கா வீடு.

“வாங்க விலை மகாராசா! உன் புண்ணியத்துல மத்தியானத் தூக்கமே போச்சு,” என்றாள் அக்கா, எட்டு மாதக் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே.

பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை தண்ணீருக்குக் கால் விலை. மற்ற நேரம் முழு விலை. காலை நெரிசலைக் குறைக்கத் தண்ணீர் வாரியத்தில் அந்தத் திட்டத்தைப் போட்டவன் அவன்தான். ஒரே மாதத்தில் நெரிசல் குறைந்தது. மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்.

மணி மூன்று. வீட்டுக்கு வீடு அலாரம் ஒலித்தது. தெருவே ஒரே நொடியில் குழாயைத் திறந்தது.

அக்காவும் திறந்தாள். குழந்தையின் அழுக்குத் துணி ஊறிய வாளிக்குள், குழாயில் மாட்டிய ரப்பர் ட்யூப் அடிவரை முங்கிக் கிடந்தது. ட்யூப் இரண்டு முறை தண்ணீரைத் துப்பியது, நின்றது. பிறகு வாளியின் சோப்பு நுரை மெல்லக் கீழே இறங்கியது.

“அக்கா, வாளித் தண்ணி குறையுது!”

“தினமும் இப்படித்தான்டா. கொஞ்சம் உறிஞ்சும், அப்புறம் வரும்.”

பாய்ந்து குழாயை மூடினான். தெருவே ஒன்றாகத் திறந்ததில் அழுத்தம் விழுந்து, மேட்டுக் குழாய் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுகிறது. இந்த வாளித் தண்ணீர் குழாய்க்குள் போனால், மேட்டில் எல்லார் வாளித் தண்ணீரும் போகும். சாக்கடையோரம் விரிசல் விட்ட குழாய் சாக்கடையையும் இழுக்கும். அதுதான் அப்புறம் வருகிறது.

“பாப்பாவுக்குப் பால் மாவு எதுல கலக்குற?”

“நேத்துப் பிடிச்சதுலதான். ஏன்டா இப்படி வெளிறிப்போற?”

“காய்ச்சினியா?”

“பசியில வீல்னு கத்துச்சு. இன்னிக்குக் காலையில மட்டும் அப்படியே...”

மேலதிகாரிக்குப் போன் போட்டான். “சார், எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கிறாங்க. சாக்கடைத் தண்ணி குடிதண்ணிக் குழாய்க்குள்ள வருது. இப்பவே நிறுத்தணும்!”

“பதறாதப்பா. புள்ளிவிவரமெல்லாம் அருமையா இருக்கு. நாளைக்குப் பேசலாம்.”

தெருவுக்கு ஓடினான். “குழாயை மூடுங்க! அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க!”

“நாலு மணிக்கு மேல பிடிச்சா நீயா காசு கட்டுவே?” என்றார் எதிர்வீட்டுக்காரர், அண்டாவிலிருந்து கண்ணெடுக்காமல். ஒருவரும் குழாயை மூடவில்லை.

திரும்பியபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவள் தோளில் குழந்தை வாந்தி எடுத்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“உடம்பு சுடுதுடா,” என்றாள். “வண்டியைக் கூப்பிடு.”